ஆறாம் மாடியின் அபூர்வ நோயாளி

ஆறாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்,
ஓஹையோ.
ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க அக்கா டீனாவுக்குத் தம்பி வெண்டல் எழுதிக்கொள்வது.

அயோவாவில் நீயும் மார்வின் அத்தானும் மழைக்கும் மக்காச்சோளத்துக்கும் குறைவில்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் தேங்க்ஸ்கிவிங் விருந்தில், வான்கோழியை அறுத்து முடிப்பதற்குள் அத்தான் தன் பித்தக்கல் ஆப்பரேஷன் கதையை ஆரம்பித்துவிடுவார். அவர் போன ஆஸ்பத்திரியின் வரவேற்பு மண்டபத்தில் பியானோ இருந்ததும், சுவரிலிருந்து தண்ணீர் அருவியாக வழிந்ததும், பெரிய டாக்டரே வந்து கை குலுக்கியதும் நம் குடும்பத்தில் கைக்குழந்தைக்குக்கூட மனப்பாடம். பிறகு அந்தக் கல்லைச் சின்னக் கண்ணாடிப் புட்டியோடு எடுத்து என் கிரேவிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைப்பார். எனக்கு என்று சொல்லிக்கொள்ள இதுவரை ஒரு மூலநோய்தான் இருந்தது, அதையும் விருந்து மேஜையில் விவரிக்க முடியாது. இந்த வருடம் நிலைமை மாறிவிட்டது அக்கா. நான் இப்போது நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ஒன்றில், யாருக்கும் புரியாத வியாதியோடு படுத்திருக்கிறேன்.

புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கால்கள் இரண்டும் ராஜினாமா செய்தன. எங்கள் தெரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார். ரத்தக் கொதிப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது, பொட்டாசியம் பாதாளத்தில் கிடந்தது. "இது என் கைக்கு மீறினது சார், பெரிய இடத்துக்குப் போயிடுங்க" என்றார். அண்டை வீட்டுக்காரர்களோ ஜூலையில் அங்கே போகாதே என்று கெஞ்சினார்கள். புது டாக்டர்கள் எல்லாரும் ஜூலை முதல் தேதிதான் வேலையில் சேருகிறார்கள், ஆகவே விவரம் தெரிந்த அமெரிக்கன் ஆகஸ்டு வரைக்கும் நோயைத் தள்ளிப்போடுவான் என்பது உனக்கும் தெரிந்ததே. ஆனால் முப்பது வருடம் பூகோளம் நடத்தியவன் நான். பள்ளி திறந்த முதல் மாதத்தில் வாத்தியார் எவ்வளவு விழிப்பாக இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? துணிந்து வந்தேன். வந்தது வீண்போகவில்லை.

இங்கே காலையில் ஊர்வலம் வரும். ஒன்பது பேர். முன்னால், இந்த மாதம்தான் டாக்டரான பிஷாரா என்ற இளைஞர், கோட்டுப் பை கிழிகிற அளவுக்குக் காகிதங்களோடு வருவார். நடுவில் ஒரு வருடம், இரண்டு வருடம் மூத்தவர்கள். எல்லாருக்கும் கடைசியில் டாக்டர் லொரெய்ன் மேப்ரி. குள்ளமான அம்மாள், நரைத்த முடி. கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர்க் குழாய்கூடச் சொட்டுவதை நிறுத்திவிடும். அத்தானின் ஆஸ்பத்திரியில் பெரியவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இங்கே தலைகீழ். சின்னவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

"சொல்லுங்க பிஷாரா, சாருக்கு என்ன?"

"பொட்டாசியம் கொடுத்துக்கிட்டே இருக்கோம் டாக்டர். அது பாட்டுக்குக் குறைஞ்சுக்கிட்டே இருக்கு."

"ஏன்?"

பிஷாரா தன் காலணியைப் பார்த்தார். விடை தெரியாத பையன் எந்தக் காலணியைப் பார்ப்பான் என்பது எனக்கு அத்துப்படி. ஆனால் அவர் சமாளிக்கவில்லை. "தெரியலை டாக்டர்" என்றார்.

"நல்லது. அதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. நீங்க மூணு வாரத்துல சொல்லிட்டீங்க. சரி, யாருக்குத் தெரியும்னு போய்க் கண்டுபிடிங்க."

அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வகுப்பில் ஒரு பையனாவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் இன்னும் ஓய்வு பெற்றிருக்க மாட்டேன். யாருக்குத் தெரியும் என்று அவர்கள் உண்மையிலேயே போய்க் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத் துறை தன் ஊர்வலத்தோடு வந்தது, நரம்புத் துறை தன் சுத்தியலோடு வந்தது. சுரப்பித் துறையின் நிபுணர் என் சோதனை முடிவைப் பார்த்து, அபூர்வப் பறவையைக் கண்டவர்போல மூச்சை அடக்கிக்கொண்டார். என் வியாதிக்கு ஒரு ஹார்மோன் மலைபோல் ஏறியிருக்க வேண்டுமாம், எனக்கு அது அடியோடு இல்லையாம். "இருக்கவே முடியாது சார்" என்றார். அத்தானைப் பார்த்து எந்த டாக்டராவது அப்படிச் சொன்னதுண்டா?

சாப்பாடு முதல் தூக்கம் வரைக்கும் எல்லாவற்றையும் விசாரித்தார்கள். மூலிகை, நாட்டு மருந்து, வைட்டமின் ஏதாவது உண்டா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஓட்ஸ் கஞ்சி, காபி, ரொட்டி, இறைச்சி, அவித்த பீன்ஸ் என்று வேளைவாரியாக ஒப்பித்தேன். இவ்வளவு அக்கறையாகக் கேட்பவர்களுக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டாமா? நீ உங்கள் ஊர் டச்சுக் கடையிலிருந்து மாதம் தவறாமல் அனுப்பும் உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய் டப்பாவைத் தினமும் ஊர்வலத்துக்கு முன்னால் நீட்டுகிறேன். நம் டச்சு நாக்குக்குத்தான் அதன் அருமை தெரியும். பிஷாரா மட்டும் மரியாதைக்கு ஒன்று வாயில் போட்டார், பிறகு டயரைக் கடித்தவர்போலத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். மேப்ரி அம்மாள், "வேண்டாம் சார், கட்டில் பக்கத்துல நின்னு எதையும் சாப்பிடக்கூடாதுன்னு ரூல் போட்டதே நான்தான்" என்று சிரித்தார். டப்பா இந்தத் தடவை என்னவோ வழக்கத்தைவிட வேகமாகக் காலியாகிறது. இன்னொன்று அனுப்பி வை.

இப்போது பக்கத்துக் கட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிளைட் பர்விஸ் என்று ஒரு லாரி டிரைவர். லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்து கால் முறிந்தவர். நேர்மையான, சாதாரண எலும்பு முறிவு. அவரிடம் ஊர்வலம் வராது, ஒரே ஒருவர் வந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பொறாமை அவரைத் தின்றது.

"ஏன் வாத்தியாரே, உனக்கு வந்திருக்கிறது வியாதியா, திருவிழாவா?"

"அபூர்வமான கேஸ் என்கிறார்கள்."

"எங்க லாரியிலயும் ஒண்ணு இருந்துச்சு, எந்த மெக்கானிக்குக்கும் புரியாத அபூர்வ கேஸு. கடைசியில காயலான் கடைக்குப் போட்டோம்."

அப்படிப் பேசியவருக்குப் போன வாரம் நல்ல காலும் துவண்டது. கொதிப்பு ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. அன்று இந்த ஆறாம் மாடி பட்டபாட்டை நீ பார்த்திருக்க வேண்டும்! தொற்றுநோய்த் துறை ஓடி வந்தது. கதவில் எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள். செவிலியர்கள் மஞ்சள் அங்கி அணிந்து, சந்திரனில் இறங்குபவர்கள்போல எங்களுக்குக் காபி கொண்டுவருகிறார்கள். மனித குலத்துக்குப் புதிய வியாதி ஒன்று எங்கள் அறையில் பிறந்திருக்கலாம். அதற்கு நம் குடும்பப் பெயரால் டெர்வோர்ட் நோய் என்று பெயர் வைப்பதுதான் நியாயம் என்றேன்.

"அதெப்படி? ஒருத்தனுக்கு மட்டும் வந்தா அது உன் தலையெழுத்து. எனக்கும் பரவினப்புறம்தானே அது நோயாச்சு? பர்விஸ் நோய்னு வை."

இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனில், சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தெரிகிறது. அதுவாகத்தான் இருக்கும் என்று வியாழக்கிழமை சுரப்பியையே எடுத்துவிட அறுவை டாக்டர் தேதி குறித்திருக்கிறார். மேப்ரி அம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கு வந்தது ஏன், பர்விஸுக்கும் வந்தது ஏன் என்று தெரியாமல் கத்தி வைப்பதா என்கிறார். அதனால் நாளை புதன்கிழமை பெரிய மண்டபத்தில், இருநூறு டாக்டர்களுக்கு முன்னால் எங்கள் இருவரையும் வைத்து விவாதிக்கப் போகிறார்கள். அதிலும் விடை கிடைக்காவிட்டால் மறுநாள் கத்திதான். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் கட்டில்தான் காரணம். ஆனாலும் ஏதாவது ஆகிவிட்டால் என் நிலப்படப் புத்தகங்கள் உனக்கு. அத்தானிடம் கொடுக்காதே, அவர் காபிக் கோப்பையை அதன்மேல் வைப்பார்.

அத்தானுக்கும் இப்போது கொதிப்பு ஏறுவதாகவும், அந்தப் பியானோ ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதாகவும், புல் வெட்டப் போனவர் கால் துவண்டு பாதியில் உட்கார்ந்துவிடுவதாகவும் எழுதியிருந்தாய். என்னோடு போட்டி போட வேண்டாம் என்று அவரிடம் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் நாய்க்கு என் விசாரிப்பு. கடவுள் உங்கள் இருவரையும் சாதாரண வியாதிகளோடு வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
இன்னும் பெயர் வைக்கப்படாத நோயின் சொந்தக்காரனும்
உன் அன்புத் தம்பியுமான
வெண்டல் டெர்வோர்ட்

பி.கு.: புதன்கிழமை மத்தியானம். மேலே எழுதியதில் ஆஸ்பத்திரியைப் பற்றிய பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு.

எங்களை முகமூடி போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, தவறுதலாக அரை மணி முன்னதாகவே மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வாரா வாரம் டாக்டர்கள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுந்து சொல்லும் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓர் அறுவை டாக்டர் எழுந்து, "நான் முடிவெடுக்கத் தாமதம் பண்ணிட்டேன். தப்பு என்னோடது" என்றார். யாரும் திட்டவில்லை. அடுத்த முறை எப்படித் தடுப்பது என்று மட்டும் கேட்டார்கள். இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். பர்விஸ் முகமூடிக்குள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திடீரென்று கையைத் தூக்கினார்.

"அம்மா, நானும் ஒண்ணு சொல்லணும். வாத்தியாரை ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போறப்பல்லாம் அவர் டப்பாவுல கைய விட்டேன். முதல்ல தார் ரோட்டை நக்கின மாதிரி இருந்துச்சு. அப்புறம் விட முடியலை. தப்பு என்னோடதுதான்."

மேப்ரி அம்மாள் மெதுவாகத் திரும்பினார். "எந்த டப்பா?"

"அந்தக் கறுப்பு மிட்டாய் டப்பாதாம்மா. அதிமதுரம்."

சுரப்பி நிபுணரிடமிருந்து டயரில் காற்று இறங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதிமதுரத்தை அள்ளி அள்ளித் தின்றால் பொட்டாசியம் வெளியேறிவிடுமாம், கொதிப்பு ஏறுமாம். அது அந்த ஹார்மோனைப்போல வேஷம் போட்டு வேலை பார்ப்பதால் உண்மையான ஹார்மோன் லீவு போட்டுவிடுமாம். எல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதாம்.

மேப்ரி அம்மாள் மண்டபத்தைப் பார்த்துச் சொன்னார்: "சார் தினமும் காலையில விடையை எங்க மூக்குக்கு நேரா நீட்டினாரு. ஒன்பது பேர்ல எட்டுப் பேரு தேங்க்ஸ், வேண்டாம்னோம். ஒருத்தர் துப்பிட்டாரு. வேற என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டோமே தவிர, இது என்னன்னு கேக்கலை. எழுதிக்கோங்க. தப்பு என்னோடது."

இருநூறு பேரும் எழுந்து கை தட்டினார்கள் அக்கா. உலகத்தில் வேறெங்கே இப்படி நடக்கும்? ஆப்பரேஷன் ரத்து. அந்தப் பட்டாணி ஊரில் பலர் தெரியாமலே சுமக்கும் வெறும் பட்டாணிதானாம், அப்படியே இருக்கட்டும் என்று அறுவை டாக்டர் விருந்து ரத்தான முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். நோய்க்குப் பெயர் கிடையாது. பர்விஸ் மட்டும் உன் பெயரை வைக்கலாம் என்கிறார்.

புது டப்பா அனுப்பாதே. கூட்டம் முடிந்ததும் மேப்ரி அம்மாள் என் நாற்காலிப் பக்கம் குனிந்து, "உங்க அக்கா இதை வேற யாருக்காவது கொடுக்கிறாங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அத்தானும் இதைத்தானே தின்கிறார்! பிஷாரா உன் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு நடைக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார். இது உன் கைக்கு வருமுன் அத்தான் டப்பாவை நீ ஒளித்து வைத்திருப்பாய். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்: பியானோ இருக்கிற ஆஸ்பத்திரியில் தேடாத காரணத்தை, அத்தானை ஒருநாள்கூடப் பார்க்காமலே எங்கள் ஆஸ்பத்திரி கண்டுபிடித்துவிட்டது. வருகிற தேங்க்ஸ்கிவிங் விருந்தில் பித்தக்கல் புட்டிக்குப் பக்கத்தில் என் காலி டப்பாவுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வை.