ஆந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது?

சேசு மரி சூசை துணை

புதுமனைக்குடி,
சீர்காழி தாலுகா.
22-2-1971

மதிப்பிற்குரிய மச்சான் மரியஅந்தோணி அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் சிங்கராயன் எழுதிக்கொள்வது. இங்கே அக்னஸ் நலம், பசு நலம், வயலில் உளுந்தும் நலம். இத்தனை பேர் நலமாக இருக்கும் வீட்டில் நான் ஒருவன் மட்டும் எப்படிக் கெட்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பழைய ரிவால்வரின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி, பிடியில் ஆந்தை படம் இருக்கிறது என்று போன வாரம் உங்களுக்குக் கார்டு போட்டேன். பட்டாளத்தில் ஆயுதம் பழுதுபார்த்து, இப்போது திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் இருக்கும் நீங்கள் உடனே பதிலும் போட்டீர்கள். கடைசி வரியில், "பள்ளிக்கூட வாத்தியாருக்கு இது எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். பொது அறிவுக்காக என்று எழுதலாமென்றுதான் பேனாவை எடுத்தேன். ஏற்கெனவே இந்த மாதப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒப்புக்கொள்ளச் சரக்கு அதிகமாக இருக்கிறது. ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இப்போது நேரம் சரியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உச்சவரம்பைக் குறைத்துவிட்டார்கள், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கொடி பிடிக்கிறது, மிராசுதார் வீட்டு வாசலில் எல்லாம் கோஷம். வைத்தியலிங்கம் பிள்ளை வயலில் செங்கொடி நட்டார்கள். அவருடைய பங்காளி வயலிலும் நட்டார்கள். என்னுடைய நாலு ஏக்கர் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. கொடியோடு வந்தவர்கள் என் வரப்பில் நடந்து, "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய் நட்டார்கள். உச்சவரம்பு விசாரணைக்கு வந்த தாசில்தார் என் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் பிள்ளையின் வீட்டுக்கு வழி கேட்டார். நியாயமாகப் பார்த்தால் நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்க வேண்டும். எனக்கோ மனம் புண்பட்டுப் போயிற்று. எதிரி என்று சொல்ல ஒருத்தன்கூட இல்லாதவன் என்ன மனுஷன் மச்சான்?

அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் தமுக்கு அடித்தார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் தேர்தல் முடியும்வரை அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். எனக்கு உடனே பத்தாயத்தின் ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ரிவால்வர் அதற்குள் நெல்லுக்கடியில் கிடந்தது. அதை வைத்து அங்கே ஒரு புலியைச் சுட்டதாக அவர் சொல்லுவார். பிடியில் ஆந்தை முகம் இருப்பதால் அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அக்னஸ் நெல்லுக்குள் தள்ளிவிட்டிருந்தாள். ஞானஸ்நானம் பெற்ற வீட்டை ஆந்தை என்ன செய்துவிடும் என்று அப்போது நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் சலவை வேட்டி கட்டி, ரிவால்வரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பிள்ளை, தோல் உறையில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு. அவருக்கு முன்னால் அவரைவிடப் பெரிய மிராசுதார்கள். அந்த வரிசையில் நின்ற நேரம்தான் மச்சான், என் வாழ்நாளில் நான் நிலச்சுவான்தாராக இருந்த காலம். பிள்ளை திரும்பிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, நீங்களுமா?" என்றார். "ஆமாங்க, காலம் கெட்டுக் கெடக்குல்ல" என்று கனைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. ஏட்டு அஹமது கபீர் பைக்குள் கைவிட்டு எடுத்தார். அவர் உள்ளங்கைக்குள்ளேயே அடங்கிவிட்டது. மேலே ஏதோ தாழ்ப்பாளை விரலால் தூக்கினார். குழாய் தலைகவிழ்ந்து, துப்பாக்கி இரண்டாக மடங்கித் தொங்கியது. "ஐயய்யோ, ஒடிச்சுப்புட்டீங்களே! எங்கப்பா சொத்துங்க அது!" என்று நான் போட்ட சத்தத்தில் லாக்கப்பில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "கத்தாதீங்க சார், இது இப்படித்தான் தொறக்கும். இத்தன வருசத்துல ஒரு நாளும் தொறந்து பாத்ததில்லியா?" என்றார் ஏட்டு. இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் மடக்கியதும் நடுவிலிருந்து நட்சத்திரம் போல ஒரு தகடு எழும்பியது. உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவதற்கு அந்தத் தகடாம். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஒரு கரப்பான்பூச்சி மேசையில் விழுந்து ஓடியது. "வாத்தியாரு லோடு பண்ணியேதான் கொண்டாந்திருக்காரு" என்றார் பிள்ளை. வரிசை முழுக்கச் சிரித்தது.

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "லைசென்ஸ் எங்க?" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேர் கையிலும் அது இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். லைசென்ஸ் இல்லாதவர்களைப் போலீஸ்தான் வலைபோட்டுத் தேடும் என்றும், வேட்டியைச் சலவை செய்து கட்டிக்கொண்டு தானாக வந்து வரிசையில் நின்ற முதல் ஆள் நான்தான் என்றும் ஏட்டு பாராட்டினார். கடைசியில் இன்ஸ்பெக்டர், "ரொம்பப் பழசு, இனிமே சுடவே சுடாதுன்னா சட்டம் இத ஆயுதமா எடுத்துக்காது. வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. எலெக்சன் முடியறதுக்குள்ள வரலன்னா கேஸ் போடுறதத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்றார். கேஸ் போட்டால் பள்ளிக்கூட நிர்வாகம் என்னை சஸ்பெண்ட் செய்யும். பென்ஷனுக்குக் கொஞ்ச காலமே இருக்கும்போது இது எனக்குத் தேவையா? எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது மச்சான்.

அன்றைக்குத்தான் உங்களுக்கு அந்தக் கார்டைப் போட்டேன். உங்கள் பதில் கார்டு வந்ததும் அதை எடுத்துப் போய், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ரிவால்வரைப் பரிசோதித்தேன். குழாயின் மேல் ஏதோ அமெரிக்க ஊரின் பெயரும் பேட்டன்ட் தேதிகளும் இருக்கின்றன. எல்லாம் போன நூற்றாண்டு. துள்ளிக் குதித்திருப்பேன், ஆனால் அது யோசனையைப் பதிந்த தேதிதான், துப்பாக்கி பிறந்த தேதி அல்ல, அதற்குப் பிறகும் பல வருடம் அதையே பொறித்துக்கொண்டிருப்பார்கள் என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கெடுத்துவிட்டீர்கள். தாழ்ப்பாளுக்கு ஒரு கொக்கியா, இரண்டா, ஒன்றென்றால் பழசு என்றீர்கள். ஒன்றுதான். சுத்தியல் இறங்கியிருக்கும்போது குண்டு போடும் உருளையைத் தள்ளினால் சுற்றுகிறதா, சுற்றினால் அதுவும் பழசுக்கு அடையாளம் என்றீர்கள். ராட்டினம் மாதிரி சுற்றுகிறது, ஏட்டுக்குப் பொழுதே அதில்தான் போகிறது. விசையை இழுத்தால் சுத்தியல் பாதி எழுந்து, மறுபடி படுத்துக்கொள்கிறது. ஆந்தை குழாயைப் பார்த்தால் கரிமருந்துக் காலத்துப் பழசு, பிடித்திருப்பவனைப் பார்த்தால் பின்னால் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். வலப்பக்கத்து ஆந்தை குழாயைப் பார்க்கிறது. இடப்பக்கத்து ஆந்தை என்னைப் பார்க்கிறது. அப்பா எப்போதோ ஒரு பக்கத்துப் பிடியை மாற்றியிருக்க வேண்டும். "இப்ப நாங்க எந்த ஆந்தைய சார் நம்புறது?" என்று ஏட்டு கேட்டார்.

இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி போட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் குழந்தையைச் சேர்க்க வந்தால், வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வேன். தொட்டால் ஐந்து வயது, ஜூன் மாதம் ஒன்றாம் தேதி. ஒருவரும் ஆட்சேபித்ததில்லை. அப்பேர்ப்பட்ட என்னால் ஒரு சாண் இரும்புக்கு வயது போட முடியவில்லை. போதாக்குறைக்கு, இந்த மாதிரி சின்ன ரிவால்வரை அமெரிக்காவில் சைக்கிளில் போகிறவர்கள் நாயை விரட்டத்தான் வாங்குவார்கள் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் புலியை இனி நான் என்ன செய்வது?

ஆகவே மச்சான், ஒற்றைக் கொக்கி, சுற்றும் உருளை, வலப்பக்கத்து ஆந்தை ஆகியோரின் சாட்சியத்தை ஏற்று, இடப்பக்கத்து ஆந்தையைக் கண்டுகொள்ளாமல், இது போன நூற்றாண்டுச் சரக்கு, ஸ்பிரிங் செத்துவிட்டது, எந்தக் கொல்லனாலும் இதைச் சுட வைக்க முடியாது, காகிதம் பறக்காமல் வைக்கத்தான் ஆகும் என்று, உங்கள் பழைய பட்டாளத்துப் பதவியையும் போட்டு, கையெழுத்திட்டு அனுப்புங்கள். உங்கள் தங்கையின் முகத்துக்காகச் செய்யுங்கள். என் முகம் ஏற்கெனவே ஸ்டேஷனில் கிடக்கிறது.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் தோத்திரம். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா உங்கள் குடும்பத்தையும், குறிப்பாக உங்கள் வலது கையையும் காப்பாற்றுவாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சிங்கராயன்

பி.கு.: உறைக்குக் கோந்து தடவும்போது வீரையன் வந்தான். கொடி பிடிக்கும் சங்கத்தின் தலைவர்தான், என்னிடம் படித்தவன் என்ற உரிமையில் "வந்தான்" என்று எழுதுகிறேன். "சார், நீங்க கவலய விடுங்க. நாங்க எல்லாரும் போயி இன்ஸ்பெக்டர்ட்ட மனு குடுத்துட்டோம். கேஸ் இல்லன்னு சொல்லிட்டாரு" என்று சொல்லி, நகலையும் படித்துக் காட்டினான்: "சிங்கராயர் சார் மிராசுதார் அல்ல. அவரால் யாருக்கும் எந்த ஆபத்தும் வராது. அவர் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் எங்களுக்குப் பயம் இல்லை." கீழே தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒரு கைநாட்டுக்கூட இல்லை மச்சான், எல்லாம் நான் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து. கண் கலங்கிவிட்டது, அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் போன பிறகு அந்த மூன்று வரியையும் இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தேன். மச்சான், மேலே கேட்டது எதுவும் வேண்டாம். திரும்பக் கேஸ் ஆனாலும் ஆகட்டும், கொஞ்சம் பழுதுபார்த்தால் அந்த ரிவால்வர் நன்றாகச் சுடும் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். உறையில் வைக்காமல் கார்டாகவே போடுங்கள். எங்கள் தபால்காரர் ஊர் முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பார்.