சமர்கண்டுக்குக் கடல் வரும் என்றவர்

போர்ட் பிளேரில் புகார்ப்பெட்டியிடம் திட்டு வாங்காத ஜீவன் கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவருக்கு ஊர் வைத்த பெயர் அது. மழையைத் திட்டுவார், மழை நின்றால் வெயிலைத் திட்டுவார். ஒருமுறை அவருடைய உண்மைப் பெயரைக் கேட்டேன். “ஏன், பேப்பர்ல போடவா?” என்று அதற்கும் திட்டினார்.

சுனாமி வந்து எட்டாண்டு கழித்து, அவரையும் கூட்டிக்கொண்டு முதுகுப்பையோடு சமர்கண்ட் போனது நான் செய்த பிழை. பழைய வணிகப் பாதையின் பெருநகரம் என்று நான் போனேன். அவர் வந்த காரணம் வேறு. “மெயின்லேண்ட் எல்லாம் பாத்தாச்சு அண்ணே. கடலே இல்லாத ஊரா காட்டுங்க.”

கடலே இல்லாத அந்த ஊரில், மலிவான விடுதி ஒன்றின் வாசலில் பையை இறக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “தண்ணி வந்தா ஏற மேடு எந்தப் பக்கம்?”

விடுதிக்காரருக்கு நான் மொழிபெயர்த்தேன். கடல் மிகவும் தூரம் என்று அவர் சிரித்தார்.

“தூரம்னு இவருக்குத் தெரியும். கடலுக்குத் தெரியுமா?” என்றார் புகார்ப்பெட்டி. சிரித்ததற்குத் தனியாக ஐந்து நிமிடம் திட்டினார்.

நீல ஓடு பதித்த மாபெரும் வாயில்களைப் பார்க்கப் போனோம். உலகமே வாய்பிளக்கும் இடம். “இவ்ளோ உசரம் கட்டியிருக்கான், ஏற ஒரு படி வெச்சிருக்கானா பாருங்க!” என்று கொதித்தார். எனக்கும் கொதித்தது. ஆறு மாதம் திட்டமிட்ட பயணம் அது.

மறுநாள் காலை உணவின்போது நிலம் லேசாக அதிர்ந்தது. கோப்பைகள் கிணுகிணுத்து அடங்கின. அவ்வளவுதான்.

“பானி ஆயேகா! பாகோ, பாகோ! தண்ணி வரும், ஓடுங்க!”

புகார்ப்பெட்டியின் தீவு இந்தி ஒருவருக்கும் புரியவில்லை; தொண்டை புரிந்தது. பயணிகள் ரொட்டியோடு ஓடினார்கள். விடுதிக்காரரின் மாமனார் மட்டும் நகரவில்லை. முழங்கால் வாதம், நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. புகார்ப்பெட்டி தன் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அவரை முதுகில் ஏற்றினார். வழிநெடுக கிழவர் தடியால் அவர் மண்டையில் தட்டிக்கொண்டே வந்தார்.

விடுதிக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில்தான் பண்டைய சமர்கண்ட் புதைந்து கிடக்கிறது. அதை நான் செருப்பில்லாமல், வாயில் ரொட்டியோடு பார்த்தேன்.

தண்ணீர் வரவில்லை. பயணிகள் முணுமுணுத்தபடி இறங்கப் பார்த்தார்கள். புகார்ப்பெட்டி கையை விரித்து மறித்தார்.

“முதல் அலைய பாத்துட்டு இறங்கினவங்கதான் போனாங்க. பைட்டோ, உக்காருங்க!”

நான் வெடித்தேன். “யோவ், இது சமர்கண்ட்! கடல் எங்கய்யா இருக்கு? மானம் போகுது. அந்தப் பெரியவரையாவது விடுய்யா!”

முதல் தடவையாக அவர் திருப்பித் திட்டவில்லை.

“சுனாமி அன்னிக்கு நான் கேம்பல் பே கரையில இருந்தேன். பக்கத்து வீட்டுல ஒரு ரிட்டையர்டு ஹவில்தார் இருந்தாரு. ஒத்தக் கால். ‘பேட்டா, தூக்குடா’ன்னாரு. என் கையில பை இருந்துச்சு அண்ணே. சர்ட்டிபிகேட், ரேஷன் கார்டு... நான் பையத் தூக்கிட்டு ஓடிட்டேன்.”

விடுதிக்காரரிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மாமனாரிடம் சொன்னார். கிழவர் தடியைக் கீழே வைத்தார். பிறகு நகர்ந்து, புகார்ப்பெட்டி உட்காரத் தன் பக்கத்தில் இடம் விட்டார்.

வெயில் ஏறியது. ஒரு மணி நேரம் கழித்து புகார்ப்பெட்டியே கேட்டார்: “இறங்கலாமா அண்ணே?”

“இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்றேன்.