மாடிப் போர்ஷனில் மதுரைச் சுக்கா

சென்னையில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் முதலில் சம்பளத்தைக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. என்ன சாப்பிடுவீர்கள் என்றுதான் கேட்பார்கள். மயிலாப்பூரில் சில வீடுகளில் அதைக்கூடக் கேட்கவில்லை. பேரையும் ஊரையும் சொன்னதுமே, "வீடு போயிடுத்தே" என்று கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். (தலைக்கு மேல் 'டு லெட்' பலகை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். நாம் அதைப் பார்க்காத மாதிரி நடந்து வந்துவிட வேண்டும்.)

ஜெயா மாமி அப்படிச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், என் மனைவி செல்வியைப் பார்த்தார், அப்போதுதான் லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்த அவள் வயிற்றைப் பார்த்தார்.

"வெளியில என்ன வேணா சாப்ட்டுக்கோங்கோ, அது உங்க இஷ்டம். ஆத்துக்குள்ள முட்டை ஓடுகூட வரப்படாது. சரியா?"

"முட்டை படம் போட்ட காலண்டர்கூட வராது மாமி" என்றேன். நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் சேல்ஸ்மேன். வாக்குக் கொடுப்பது தொழில் பழக்கம்.

"அதான்" என்றார் மாமா.

மாமா வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி எதைப் பேசி முடித்தாலும் "அதான்" என்று ஒரு சொல்லில் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

மாடிப் போர்ஷன் எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிரசவ ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். குழாயில் தண்ணீர் நிற்காது. ஹாலின் நடுவில், உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. "இங்க தொட்டில் கட்டலாம்ங்க" என்று செல்வி முதல் நாளே முடிவு செய்துவிட்டாள்.

ஐந்தாம் மாதம் அவளுக்கு வாந்தி நின்றது. ஆசை வந்தது. மாங்காய், சாம்பல் என்று ஊர் உலகம் ஆசைப்படுகிறதையெல்லாம் ஆசைப்படாமல், மதுரையில் அவள் அம்மா செய்கிற மட்டன் சுக்காவைக் கேட்டாள். தி. நகரில் ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். எண்ணெய் வாசனை பட்டதுமே வெளியே வந்து தெருவில் நின்றுகொண்டாள். பார்சல் வாங்கினேன். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாதே என்று பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, ஓடிவந்த காதலர்கள் மாதிரி ஒளித்து ஒளித்துப் பிரித்தோம். ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா செய்யிறது மாதிரி இல்லங்க" என்றாள். அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது கறி மட்டுமல்ல, அம்மாவும்தான் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. அவள் அம்மாவோ மதுரையில் மளிகைக் கடையைப் போட்டுவிட்டு வளைகாப்புக்கு முன்னால் வர முடியாது.

இந்த நிலைமையில்தான் அடையாறில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஐஸ் பெட்டிக்குள் அதைக் கண்டேன். சைவ மட்டன், சோயாவில் செய்தது. பச்சைப் புள்ளி போட்டிருந்தது. அட்டையில் ஓர் ஆடு வாயில் இலையோடு சிரித்துக்கொண்டிருந்தது. (தன்னை விட்டுவிட்டார்கள் என்ற நிம்மதி.) எனக்கு என் மூளையைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது. பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது என்பார்கள். மாமிக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், செல்வியும் சாப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நானே சமைப்பதாகச் சொல்லிவிட்டேன். அட்டையில் 'மட்டன்' என்ற எழுத்து ஆள் உயரத்துக்கு இருந்தது. 'சைவ' என்பது எறும்பு அளவுக்கு இருந்தது. மாமி குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தானே பிரிப்பவர். அவர் கண்ணில் பட்டால் வம்பு என்று அட்டையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, லஸ் முனை வரை நடந்துபோய் அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். என் புத்திசாலித்தனத்தின் உச்சம் அது.

பிறகு மாமியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு பக்குவம் கேட்டேன். சோயா என்று சொல்லவில்லை. மதுரைக்காரியிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"அஞ்சு விசில் விடுங்க மாப்ள. அப்பத்தான் பூவா வேகும்."

விட்டேன். திறந்து பார்த்தால் துண்டுகள் ஒன்றுக்கு இரண்டாக ஊதி, குக்கர் விளிம்பில் வந்து நின்றன. ஊற்றிய தண்ணீர், போட்ட மசாலா, எதையும் காணோம். எல்லாவற்றையும் குடித்திருந்தன.

"மசாலா பத்தலன்னா இன்னொரு தடவ அரைச்சுப் போடுங்க. இதுக்குப் போயி யோசிச்சுக்கிட்டு."

மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம், பூண்டு, எல்லாவற்றையும் மறுபடி அரைத்து வாணலியில் போட்டுப் பிரட்டினேன். வாசனை வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தினேன். போக வேறு வழியில்லாத வாசனை மாடிப்படியில் இறங்கி, நேரே மாமியின் பூஜை அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் திரும்பிப் பார்க்கும்போது மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். முந்தானை மூக்கில் இருந்தது. பின்னால், இரண்டு படி கீழே, மாமா.

"என்ன இது?"

"சோயா, மாமி."

அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்த போன் பேசியது. "கறி வெந்துருச்சா மாப்ள? நெஞ்செலும்பு ரெண்டு சேத்துப் போட்டீகளா?"

போனை அணைத்தேன். (இனி அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால் என்ன.)

"உங்க மாமியார் கறிங்கறாளே."

"அவங்களுக்குத் தெரியாது மாமி."

"ஓஹோ. அவாளுக்கும் தெரியாதா."

"அட்டையில பச்சைப் புள்ளி இருந்துச்சு மாமி."

"அட்டை எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க?"

"லஸ் முனையில."

"கீழ குப்பைக்கூடை இருக்க, லஸ் முனைக்கு எதுக்குப் போனேள்?"

இதற்கு நான் சொல்லக்கூடிய எந்தப் பதிலும் குற்றவாளி சொல்வதாகத்தான் இருக்கும். தினம் புடவைகளை விரித்து, இந்தக் கலர் உங்களுக்குத்தான் நெய்தது என்று யாரையும் நம்பவைக்கிற வாய், உண்மையைச் சொல்லி ஒருவரை நம்பவைக்க முடியாமல் வறண்டுபோயிற்று. வாசலில் படுத்திருந்த, மாமி தினம் பால் வைக்கிற பூனைக்கு ஒரு துண்டை வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போயிற்று.

"பாத்தீங்களா மாமி? கறின்னா விடுமா?"

"அது நேத்து பாலையும்தான் விட்டுட்டுப் போச்சு."

மாமி குரலை உயர்த்தவில்லை. செல்வியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இந்த மாசத்துக்குள்ள வேற எடம் பாத்துக்கோங்கோ."

அடுப்படியில் என் பக்கத்தில் நின்றிருந்த செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் ஹாலில் இருந்த கொக்கிக்குப் போனதை நான் பார்த்தேன். ஐந்து மாத வயிற்றோடு அவளை இன்னும் எத்தனை கேட் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது? மாமியையும் குறை சொல்ல முடியாது. கறி சாப்பிடுகிற நாங்கள் சொன்னால் அவர் நம்பப்போவதில்லை. அவர் நம்புகிறவர்களுக்கோ கறி எப்படி இருக்கும் என்றே தெரியாது.

மாமா படியேறி உள்ளே வந்தார்.

"ஒரு ஸ்பூன் குடும்மா."

"ஏன்னா, என்ன பண்றேள்?"

மாமா வாணலியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். நிதானமாக மென்றார். மாமி கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஜெயா, இது கறி இல்லை."

"உங்களுக்கு எப்படி..."

"கறின்னா நார் நாராப் பிரியணும். இது ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கறது. அதுவும் தொடைக்கறின்னா கொஞ்சம் கொழுப்பு இருக்கும், நாக்குல பட்டதும் கரையும். இதுல ஒண்ணுமே கரையலை." கொஞ்சம் ஏமாற்றத்தோடு இன்னொரு துண்டைக் குத்திப் பார்த்தார். "மசாலா மட்டும் அசல் மதுரை. மிளகு தூக்கலா."

அவர் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதேயில்லை. முடித்த பிறகுதான், என்ன பேசினோம் என்று அவருக்கே உறைத்தது.

"ஏன்னா" என்றார் மாமி மெதுவாக. "கொழுப்பு கரையறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமா ஸ்பூனைப் பார்த்தார். "மதுரை பிராஞ்ச்ல இருந்தேனோல்லியோ. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி. லாட்ஜுக்கு எதிர்த்தாப்ல ஒரு மெஸ்."

"ஒரு நாளா?"

"மெஸ்னா மாசக் கணக்குதானே, ஜெயா."

மாமி கீழே போனார். மாமாவும் பின்னாலேயே போனார். வாயைத் திறக்காமல் படியிலேயே நின்றிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்களுக்குத்தான் வீடு போயிருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து காப்பாற்றி வைத்திருந்த ரகசியத்தை, குடிவந்து சில வாரமே ஆன எங்களுக்காக ஒரு ஸ்பூனில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நானும் செல்வியும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதோம். நடுநடுவே சிரிப்பும் வந்தது. செல்வி ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதக் கறி இல்லன்னு சொல்ல மாமா வரணுமாங்க?" என்றாள்.

சாயங்காலம் மாமி ஒரு தூக்கில் ரசமும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது. மாமாவோடு என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது.

"பிள்ளைத்தாச்சி ஆசையை அடக்கப்படாது. நன்னாச் சமைக்கற சிநேகிதா யாருமில்லையா உங்களுக்கு? அவாத்துக்கு அழைச்சுண்டு போங்கோ. அந்த ஸ்பாஞ்சைக் குடுத்து அவளைப் படுத்தாதேங்கோ."

"அப்ப வீடு, மாமி?"

"வீட்டுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு."

அடுத்த ஞாயிறு, அசோக் நகரில் என்னோடு வேலை பார்க்கும் காதர் பாய் வீட்டில் ஏற்பாடு. காதர் பாயின் மனைவி, செல்வியின் அம்மாவைப் போனில் வைத்துக்கொண்டு அவர் சொன்னபடியே சுக்கா செய்தார். செல்வி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அன்று காலை வீட்டிலிருந்து நாங்கள் கிளம்பியபோதே மாமா கேட் வரை வந்து, "ஆட்டோல தனியாப் போறேளே, நான் வேணா துணைக்கு..." என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து மாமி இருமினார். மாமா கேட்டைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கொக்கியில்தான் தொட்டில் கட்டினோம். தொட்டிலில் ஆடிய மகள் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள், பாதி நாள் கீழ் வீட்டில்தான் இருக்கிறாள். கீழே சாம்பாரில் உப்புக் குறைவு என்று மாமா சொன்னால் போதும், "மதுரையில சரியா இருந்திருக்கும்" என்கிற மாமியின் குரல் மாடிவரை கேட்கும். எங்கள் வீட்டிலும் நான் எதையாவது ரொம்பத் தெரிந்தவன் மாதிரி அளந்தால், செல்வி ஒரு ஸ்பூனை எடுத்து முன்னால் வைப்பாள்.

போன வாரம் மகள் மதுரைக்குப் போய்விட்டு வந்து, கீழே மாமாவின் மடியில் ஏறி உட்கார்ந்து கேட்டாள். "தாத்தா, நீங்க மதுரைக்குப் போயிருக்கீங்களா?"

மாமா பேப்பரை மெதுவாக முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"போயிருக்கார்டி கண்ணு" என்றார் மாமி, அடுப்படியிலிருந்து. "மாசக் கணக்குல."

பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமா சொன்னார்: "அதான்."