டார்ச் சாகக் கூடாது

காலை ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அது பொங்கும் வரை பக்கத்திலேயே நின்றான். இரண்டு தம்ளர் காபி கலந்தான். மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரையை ஒரு தட்டில் எடுத்து வைத்தான். சட்டையில் காலருக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும் இஸ்திரி போட்டான். முதுகை நாற்காலி மறைத்துவிடும். பதினோரு மாதமாக இப்படித்தான். அதற்கு முன்பு, முதுகைப் பார்த்துக் குறை சொல்ல வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

இன்று ஒரே ஒரு வித்தியாசம். சமையலறைக்குள் வந்த மாமியார் ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

அவன் கையில் கரண்டி அப்படியே நின்றது. இந்தப் பதினோரு மாதத்தில் அந்த வீட்டில் ஒழுகும் குழாய்கூட அடக்கித்தான் சொட்டியது.

"அத்தை, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? நேத்து நல்லாத் தூங்கினேன். படுத்ததுதான் தெரியும்."

"இல்ல, நேத்து டிவியில..."

"ஆமாமா. அந்தப் பொண்ணு போயிடுச்சு. பாவம்" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்தார். பால் திரிந்தால்கூட அவர் 'பாவம்' என்பதை இதைவிட அழுத்திச் சொல்வார்.

அதிர்ச்சி உள்ளே இறங்கிவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். சிலருக்கு அழுகை வராது. வேறு எதுவாவது வரும். மனைவி போனபோது அவனுக்கும் அழுகை வரவில்லை. சட்டை முதுகுக்கு இஸ்திரி போடுவதுதான் நின்றுபோயிற்று.

அவன் வேலை பார்த்தது ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில். நேயர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து அறிக்கை தயாரிப்பது வேலை. அலுவலகத்தில் அவனை எல்லோரும் 'கருத்து' என்றே கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு 'மிச்சம் ஏழு பேர்' என்ற தொடர். உலகம் அழிந்த பிறகு ஒரு பழைய பேருந்துப் பணிமனையில் ஒதுங்கிய ஏழு விடலைகளின் கதை. அவர்களுக்குச் சோறு இல்லை, தண்ணீர் இல்லை, அப்பா அம்மா இல்லை. ஆனால் ஏழு பேருடைய தலைமுடியும் அன்றுதான் அலசிக் காயவைத்தது போலப் பறக்கும். அந்த ஏழு பேரில் ஒருத்திதான் டார்ச். எந்நேரமும் கையில் டார்ச் லைட் வைத்திருப்பாள். இரண்டு வருடமாக அதில் பேட்டரி தீரவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குள் ஒரு பக்க அறிக்கை போக வேண்டும். மேலாளரம்மா அதில் முதல் வரியை மட்டும் படிப்பார். மற்ற வரிகள் மரியாதைக்கு. ஆனால் அந்த முதல் வரி சொன்னது அடுத்த சில வாரங்களில் திரையில் நடந்துவிடும். ஒருமுறை அவன் 'காதல் போதவில்லை' என்று எழுதினான். எரிந்துகொண்டிருந்த ஒரு ஊருக்கு முன்னால் நின்று, புகைக்குக் கண்ணைக்கூடக் கசக்காமல், இரண்டு அனாதைகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இந்த அதிகாரத்தை அவன் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியதே இல்லை. பதினோரு மாதத்துக்கு முன்னால்தான் முதல்முறையாக ஆரம்பித்தான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரி அறையின் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மனைவிக்குப் பக்கத்தில் மாமியாரை உட்காரவைத்துவிட்டு, மருந்து வாங்கக் கீழே போனான். வரிசையில் அவனுக்கு முன்னால் ஆறு பேர். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமியார் கையில் ரிமோட்டோடு நின்றுகொண்டிருந்தார். டிவியில் டார்ச் விஷக் காய்ச்சலில் கிடந்து இருமிக்கொண்டிருந்தாள்.

மருந்துப் பையோடு வாசலிலேயே நின்று அவன் ஒன்றுதான் கேட்டான்.

"ஏதாவது சொன்னாளா?"

மாமியார் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு, "டார்ச்சை மட்டும் சாக விட்டுடாதீங்கன்னு அவர்கிட்ட சொல்லும்மான்னா" என்றார்.

அவள் அந்தத் தொடரைப் பார்ப்பதே புருஷன் வேலை பார்க்கும் இடம் என்பதற்காகத்தான் என்று அதுவரை நினைத்திருந்தான். இவ்வளவு பிடித்திருந்தது தெரியாமலே இருந்துவிட்டோமே என்று, அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டான்.

அதிலிருந்து அவனுடைய முதல் வரி மாறவே இல்லை: 'டார்ச்சை நேயர்கள் உயிராக நேசிக்கிறார்கள்.' டார்ச் காய்ச்சலில் பிழைத்தாள். பாம்பு கடித்துப் பிழைத்தாள். அவள் மேல் ஒரு மாடி இடிந்து விழுந்தது, மாடிக்குத்தான் சேதம். குண்டு பாய்ந்தது, டார்ச் லைட்டில் பட்டுத் தெறித்தது. பத்து நாள் துணைக்கு என்று பெட்டியோடு வந்த மாமியாரும் அவன் வீட்டிலேயே தங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு டிவி முன்னால் வந்து உட்காருவார். அவர் உட்கார்வதால் அவனும் உட்காருவான். அந்த ஒரு மணி நேரம்தான் அவரை நடமாடவைக்கிறது என்று நம்பினான்.

இரண்டு மாதத்துக்கு முன் அவனுக்கே காய்ச்சல் வந்து படுத்தான். அந்த வார அறிக்கையைப் பக்கத்து மேசைக்காரர் எழுதினார். விவரம் தெரியாத மனிதர், உண்மையை எழுதிவிட்டார். அதன் பலன்தான் நேற்று ஒளிபரப்பானது: எதிரிக் கும்பல் டார்ச்சின் காலில் கல்லைக் கட்டி ஏரியில் தள்ளியது. தண்ணீருக்கடியில் வெளிச்சம் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அலுவலகத்தில் கணினியைத் திறந்தான். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள்.

'அப்பாடா.'

'கல்லுக்கு என் நன்றி.'

'உலகம் அழிஞ்சப்பவே இவளும் போயிருந்தா எங்க வெள்ளிக்கிழமையாவது மிஞ்சியிருக்கும்.'

'நம்பவே முடியல! நிஜமாவே செத்துட்டாளா? குடும்பத்தோட ஹோட்டலுக்குப் போறோம்.'

அவன் கடைசிக் கருத்தை நாலு தடவை படித்தான். அதில் முதல் இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு அறிக்கையைத் தொடங்கினான்: 'டார்ச் இறந்துவிட்டாள் என்பதை நேயர்களால் நம்ப முடியவில்லை.'

அனுப்பி அரை மணி நேரத்தில் மேலாளரம்மா கூப்பிட்டனுப்பினார். அறையில் கதாசிரியரும் இருந்தார். மூன்று நாள் தாடி, ஆறினாலும் விடாத டீ.

"நம்பலையாமே" என்றார் மேலாளரம்மா.

"இருபது அடி ஆழம் மேடம். கால்ல கல்லு. கரையில ரெண்டு சாட்சி. இதுக்கு மேல நான் என்ன பண்ணணும்? டாக்டர் சர்டிபிகேட் காட்டணுமா? அவ செத்தாத்தான் கதையை நாலு வாரத்துல முடிச்சிட்டு நான் வீட்டுக்குப் போக முடியும். என் பொண்ணு என்னை அங்கிள்னு கூப்பிடுறா."

"ஆனா நேயர்கள் நம்பணுமே."

"நம்பவெச்சிடுவோம். அடுத்த வாரம் முழுக்க அடக்கம்தான். பொணத்தை குளோசப்ல காட்டுறேன்."

கருத்து காப்பாற்றப் போய் அவளைக் கூடுதலாகச் சாகடித்திருந்தான்.

"பொணத்தைக் காட்டினா எல்லாரும் பார்க்குறதையே நிறுத்திடுவாங்க மேடம்" என்றான்.

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்."

மேலாளரம்மா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "கருத்து, நான் இந்தத் துறையில பதினாறு வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் ஒரு நேயரை நேர்ல பார்த்ததில்ல. மூணு மணிக்குக் கூட்டம். அந்த எல்லார்ல ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க."

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் டார்ச்சுக்காக அழுதவர் ஒரே ஒருவர்தான். 'அணையா விளக்கு' என்ற பெயரில் எழுதியிருந்தார். தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினான்.

"கண்டிப்பா வரேன் சார்" என்றது அந்தக் குரல். "அவ போனா எங்க பொழப்பே போச்சு."

"அவ்வளவு பிரியமா அவ மேல?"

"பிரியமா? அந்த டார்ச் லைட் எங்க கம்பெனியோடது சார்."

போனை வைத்தான். மணி ஒன்றே கால். வீட்டுக்கு அடித்தான்.

"அத்தை, ஒரு உதவி. நீங்க ஆபீசுக்கு வரணும். டார்ச் சாகக் கூடாதுன்னு எங்க மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"நானா சொல்லணும்?"

"அவ கடைசியாக் கேட்டது அத்தை. அது ஒண்ணுதான் கேட்டா."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தான்.

"சரி மாப்ள. டிரஸ் மாத்திட்டு வரேன்."

மூன்று மணிக்கு நீள மேசையின் ஓரத்தில் மாமியார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டுப் பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்து, மியூசியத்தில் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நேயர் என்றால் இப்படித்தான் இருப்பாரா என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் கதாசிரியர். "மனசுல பட்டதைச் சொல்லுங்க. டார்ச் செத்தது உங்களுக்கு எப்படி இருந்துச்சு? நிம்மதியாத்தானே இருந்துச்சு?"

மாமியார் வாயைத் திறந்தார். காலையில் முணுமுணுத்த பாட்டு ஒரு கணம் அந்த முகத்தில் வந்து போனது. எதிரில் மாப்பிள்ளையைப் பார்த்தார். சட்டையின் முன்பக்கம் மடிப்புக் கலையாமல் இருந்தது. முகம்தான் கசங்கியிருந்தது.

"அவ சாகல" என்றார்.

"கால்ல கல்லு கட்டியிருக்கே அம்மா."

"கட்டினது யாரு? கூட இருக்குற அந்தச் சோடாபுட்டிப் பையன். கும்பல்காரன் மிரட்டினான்னு அழுதுக்கிட்டே கட்டினான். சரிதானே?"

"ஆமா. நண்பன் கையாலேயே கட்டவெச்சேன். உருக்கமா இருக்கட்டும்னு."

"நாலு மாசம் முன்னாடி அவன் ஒரு ஆட்டைக் கட்டிப் போட்டான். அது அவுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் கூடாரம் கட்டினான், காத்துல பறந்துச்சு. ஷூ லேசு கட்டினான், தடுக்கி விழுந்து பல்லு போச்சு. பதினோரு மாசமா பார்க்குறேன், அவன் போட்ட முடிச்சு ஒண்ணாவது நின்னிருக்கா?"

ஒருவர் அவசரமாகக் குறித்துக்கொண்டார்.

"முடிச்சு அவிழ்ந்துச்சுன்னே வெச்சுக்குவோம்" என்றார் கதாசிரியர், குரல் இறங்கி. "இருபது அடி ஆழத்துல மூச்சு?"

"பாம்பு கடிச்சதுக்கு மறுவாரம் குளத்துக்குள்ள ஒளிஞ்சிருந்தாளே. நான் கடிகாரம் பார்த்தேன். மூணு நிமிஷம். அதை எழுதினது நீங்கதானே தம்பி?"

கதாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். தன் கதையைத் தன்னைவிடக் கவனமாகப் பார்த்த ஒரு ஜீவனை அன்றுதான் நேரில் சந்திக்கிறார். பெண் அங்கிள் என்று கூப்பிடுவதுகூட அந்த நிமிடம் மறந்துவிட்டது. "அவ சாகலதான்" என்று முணுமுணுத்தார்.

மேலாளரம்மா எழுந்து நின்றார். "நாலு வாரத்துல முடிக்கிறதுன்னு இருந்தோம். முடிக்கல. இன்னும் மூணு வருஷம். டார்ச்தான் கதாநாயகி. அம்மா, நீங்க சனிக்கிழமை தவறாம இங்க வந்து உட்காரணும். நீங்க பார்க்காம ஒரு வரிகூட எழுத மாட்டோம்."

"மூணு வருஷமா?" என்றார் மாமியார். மடியில் இருந்த கைப்பை நழுவிக் கீழே விழுந்தது.

"சந்தோஷத்துல பேச்சே வரல பாருங்க" என்றார் மேலாளரம்மா.

பேருந்தில் ஜன்னல் ஓரத்தில் மாமியாரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பதினோரு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு ஒரு வேலையை முடித்த அலுப்பு வந்தது.

"ரொம்ப நன்றி அத்தை. அவ கேட்டதைச் செஞ்சுட்டோம்."

மாமியார் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "மாப்ள, இன்னும் மூணு வருஷம் என்னால முடியாது."

"என்ன முடியாது?"

"அதை உட்கார்ந்து பார்க்க. எனக்குத் தலைவலி வருது. உலகம் அழிஞ்சும் ஒருத்தி புருவத்தைத் திருத்திக்கிட்டிருக்கா. நீங்க ஆசையாப் பார்க்குறீங்களேன்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்."

"நானா? நீங்க பார்க்குறீங்களேன்னு நான்..."

பேருந்து சிக்னலில் நின்றது. நடத்துனர் ஒரு பயணியிடம் சில்லறைக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க மருந்துப் பையோட வாசல்ல நின்னு கேட்டீங்க" என்றார் மாமியார். "அந்த முகத்தைப் பார்த்துட்டு நடந்ததைச் சொல்ல வாய் வரல. டிவியில அந்தப் பொண்ணு இருமிக்கிட்டிருந்துச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீங்க அதை இப்படிப் பிடிச்சுக்குவீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வண்டி கிளம்பியது.

"அப்போ, அவ ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னா."

"என்ன சொன்னா?"

மாமியார் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். மூடினார்.

"'அந்தக் கண்றாவிய அணைச்சுத் தொலைம்மா, கொஞ்சம் தூங்கணும்'னா."