பெண் கேட்டு வந்த சம்பந்தியைச் சொல்லில் மடக்கிய விவரம்

தாஷ்கந்து மாநகரில் ஐந்தாம் மாடியில் வீற்றிருக்கும் என் மதிப்புக்குரிய அண்ணன் எஷ்முரோத் அவர்களுக்கு, தம்பி ஹய்தர்குல் பணிவான சலாமுடன் எழுதுவது. தங்கள் முழங்காலும், அண்ணியாரின் ரத்த அழுத்தமும், தங்கள் கட்டடத்து லிஃப்டும் சீராக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நான், மனைவி ஒய்நிசோ, மகள் சனோபர், பசு நால்வரும் நலம்.

நாம் வென்றுவிட்டோம், அண்ணா! முதலில் அதைச் சொல்லிவிட்டால்தான் மீதியை ஒழுங்காக எழுத முடியும். வாய்க்காலுக்கு அக்கரையில் சலூன் வைத்திருக்கும் நுருல்லோவைத் தங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் முடி வெட்டும்போது தங்கள் இடது காதைக் கீறிவிட்டவரின் மகன். அவர் தன் பையன் பெஹ்சோதுக்கு நம் சனோபரைக் கேட்டு மூன்று முறை ஆள் அனுப்பினார். பையன் தங்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. தகராறு மொழியில்தான்: அவர்கள் வீட்டில் தாஜிக், நம் வீட்டில் உஸ்பெக். கல்யாணத்தில் மைக் பிடிப்பவர் தாஜிக்கில்தான் பேச வேண்டும் என்று அவர் சொல்லியனுப்ப, உஸ்பெக்கில்தான் என்று நான் சொல்லியனுப்ப, வந்த ஆட்கள் என் வீட்டுத் தேநீரை மட்டும் குடித்துவிட்டு மூன்று முறையும் திரும்பிப் போனார்கள். மாவட்டப் பத்திரிகையில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்தியவன் நான். என் மகள் கல்யாணத்திலேயே விட்டுக்கொடுப்பேனா? சனோபர் சாப்பாட்டை நிறுத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் மைக்கைக் கட்டிக்கிட்டு அழுங்க. எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லி, நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கும் விடுதிக்கும் சேர்த்து மனு போட்டுவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நுருல்லோ தானே நேரில் வந்தார். முற்றத்தில் விரிப்பு விரித்து ரொட்டி வைத்து உட்கார வைத்தோம். முதல் கோப்பை ஆறுவதற்குள் சண்டை. "நாங்க திராட்சை நட்டுப் பழம் பறிச்சுக்கிட்டு இருந்தப்ப, ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து இறங்குனவங்கதானே உங்க ஆளுங்க! பழத்துக்கெல்லாம் பேரு சொல்லிக் குடுத்ததே நாங்கதான்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "உங்க கையில இருக்கிற கத்திரிக்கோலுக்கு என்ன பேரு? கய்ச்சி! அது யாரு வார்த்தை? எங்களுது! அதைத் திருப்பிக் குடுத்துட்டு, முடியைப் பல்லால கடிச்சு வெட்டுங்க, சம்பந்தி!" என்று கத்தினேன். 'சம்பந்தி' எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. ஒய்நிசோ மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பத்திரிகை கொடுக்க வந்தாள் தபால்காரி முஹாய்யோ. இரண்டு கரையும் அவளுக்கு ஒன்றுதான், இரண்டு மொழியும் தண்ணீர்பட்டபாடு. "இப்படிக் கத்தினா முடியுமா? நுருல்லோ அண்ணே, நீங்க சுத்தத் தாஜிக்குல பொண்ணு கேளுங்க. ஹய்தர்குல் அண்ணே, நீங்க சுத்த உஸ்பெக்குல சம்மதம் சொல்லுங்க. யாரு வாயில அடுத்தவங்க வார்த்தை வராதோ, மைக்கு அவங்களுக்கு" என்றாள்.

நுருல்லோ எழுந்து நெஞ்சில் கை வைத்தார். பொய் சொல்லக் கூடாது, அண்ணா, அழகாகத்தான் பேசினார். 'மருமகள்' வரும் இடத்தில் தடுமாறினார். ஏனென்றால் அக்கரையிலும் எல்லோரும் சொல்வது நம் சொல்லைத்தான். நெற்றியைத் துடைத்து, எங்கிருந்தோ ஒரு புத்தகச் சொல்லைத் தேடிப் பிடித்துத் தாண்டிவிட்டார். தாண்டிய நிம்மதியில், "அப்ப தோய் எப்ப வெச்சுக்கலாம், அகா?" என்றார். கல்யாணத்துக்குத் 'தோய்', அண்ணனுக்கு 'அகா'! ஒரே மூச்சில் நம் சொல் இரண்டு! நான் துள்ளிய துள்ளலில் தேநீர்க் கெட்டில் கவிழ்ந்தது.

என் முறை. சம்மதம், ரொட்டியை உடைப்போம் என்று சொன்னால் போதும், நிச்சயம் முடிந்தது. வாயைத் திறந்தேன். ரொட்டிக்கு நாம் சொல்லும் 'நோன்' அவர்களுடையது. நம் முன்னோர் அதற்கு வேறு ஏதோ சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. விரிப்பு என்று ஆரம்பிக்கலாமா? அதுவும் அவர்கள் சொல். விருந்தாளி? அதுவும். வாய் திறந்தபடியே நின்றேன். கதவிடுக்கில் சனோபரின் கண் தெரிந்தது, நனைந்திருந்தது. ஒய்நிசோ எழுந்தாள். இரண்டு ரொட்டியைச் சேர்த்துப் பிடித்து, என் மூக்குக்கு நேரே படக்கென்று உடைத்தாள். "உடைச்சாச்சு. இனிமே எந்த பாஷையில வேணாலும் பேசிக்குங்க."

முஹாய்யோ தீர்ப்புச் சொன்னாள்: "ஹய்தர்குல் அண்ணன் வாயிலேருந்து ஒரு வார்த்தைகூடத் தப்பா வரலை. ஒரு வார்த்தையுமே வரலை. மைக்கு அவருக்கு!" நுருல்லோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், என்னைக் கட்டிப்பிடித்து எலும்பு நொறுங்க முதுகில் அடித்தார். சனோபர் வெளியே வந்து, உடைத்த ரொட்டியில் பாதியை நின்றபடியே தின்று தீர்த்தாள். விடுதி மனுவைக் கிழித்தாயிற்று. மைக்கில் நம் மொழி முழங்கும், அண்ணா!

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு கல்யாணம். தாங்களும் அண்ணியாரும் ஒரு வாரம் முன்பே வந்து, இந்த வீட்டின் தலைமை இடத்தில் அமர்ந்து வாழ்த்த வேண்டும். தங்கள் நிழல் எங்கள் மேல் நீண்டிருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ஹய்தர்குல்

பின்குறிப்பு: உறையை ஒட்டாமலே இரண்டு வாரம் போய்விட்டது, அதற்குள் ஒரு செய்தி. பெஹ்சோதுக்குக் கொரியாவில் வேலை உறுதியாகிவிட்டது. சனோபரும் கூடவே போகிறாள். பேரப்பிள்ளைகள் கொரிய மொழிதான் பேசுமாம். ஆகவே நுருல்லோவும் நானும் செவ்வாய், வியாழன் டவுனில் கொரிய வகுப்புக்குப் போகிறோம், ஒரே பெஞ்சு. நேற்று டீச்சரம்மா எங்கள் இருவரையும் எழுப்பி நிறுத்திக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் வீட்டுல ஒரே பாஷையா பேசுறீங்க? ஒரே எடத்துல ஒரே தப்பு பண்றீங்களே!"