செவியரும் நாலாவது மூட்டும்

மெல்பேர்ன் நகரத்தில் கார் திருத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கார் வந்து சேருமுன்பே அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறவர் எனக்குத் தெரிந்து செவியர் ஒருவர்தான்.

அவருடைய உண்மையான பெயர் அவரது விசாப் பத்திரங்களில் இருந்தது. அங்கே தவிர வேறெங்கும் அது தேவைப்படவில்லை. அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசாவை மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டு, நகரின் மேற்கே, தொழிற்சாலைகள் மூடிக் கிடந்த ஒரு பகுதியில், ஒரு மேம்பாலத்தின் கீழே தகரக் கொட்டகையில் கராஜ் நடத்தினார்.

"என்ர விசா, வீடு, வேலை எல்லாம் தற்காலிகம், ஐயா. இந்தப் பாலம் மட்டும்தான் நிரந்தரம்" என்று தூணைத் தட்டிச் சொல்வார்.

மேம்பாலத்தின் கான்கிரீட் பாளங்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில் இரும்புப் பட்டை பதித்திருப்பார்கள். கார் அதைக் கடக்கும்போது 'தடக்' என்று கேட்கும். நாலாவது மூட்டு செவியரின் கொட்டகைக்கு நேர் மேலே இருந்தது. அதைக் கடந்து இறங்கினால் அவருடைய வாசல். வாடிக்கையாளர்கள் பாலத்தில் ஏறுமுன் அவருக்கு ஒரு போன் அடிக்க வேண்டும். பிறகு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் வர வேண்டும். றேடியோ, புருசன் பெண்சாதி கதை, இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். போன் வந்ததும் செவியர் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் நுனியைத் தூணில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தடக். கார் வாசலில் நிற்கும்போது தீர்ப்பு தயாராக இருக்கும்.

ஒருநாள் டார்னெய்ட் புறநகரிலிருந்து ஓர் அன்ரி வந்தார். பின்பக்கம் ஏதோ இடிக்கிறது என்பது முறைப்பாடு.

"காருக்கு ஒண்டுமில்லை அன்ரி. டிக்கியில எத்தினை அரிசி மூட்டை?"

"கோயில் அன்னதானத்துக்கு மூண்டு மூட்டை, தம்பி."

"நாலு."

"நானல்லோ காசு குடுத்தனான். மூண்டுதான்!"

திறந்து பார்த்தார்கள். நாலு இருந்தது. அன்ரி கடைக்காரனைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று தெரியாமல் டிக்கியை மூடினார்.

இன்னொருநாள் ஒரு பல் வைத்தியர், கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று, பளபளக்கும் புதுக் காரில் வந்திறங்கினார். செவியர் காரைத் தொடவே இல்லை.

"கார் நல்லா இருக்கு டொக்டர். நீங்கள்தான் ஒரு பக்கமா இழுக்கிறியள். போனைப் பாத்துப் பாத்து ஓடுறனியளோ?"

டொக்டர் அதன் பிறகு ஆறு மாதம் வரவில்லை. ஆனால் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்.

நான் சிவில் இஞ்சினியர். அதுவும் ஓய்வு பெற்றவன். என் காரையும் அவரிடம்தான் திருத்தி வந்தேன், ஆனால் நம்புவதற்கு எங்களுக்கு அதிக நேரம் எடுக்கும். சத்தம் கான்கிரீட்டில் எப்படிப் பயணிக்கும், எங்கே தேயும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, இது நடக்காது என்று முடிவு கட்டினேன். பிறகு அயலவருடைய காரை இரவல் வாங்கி, போன் அடிக்காமல், பாலத்தில் ஏறினேன். கீழே இறங்கியபோது செவியர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"கார் உங்கட இல்லை. ஆனா ஓட்டினது நீங்கள்தான், ஐயா."

"எப்பிடித் தம்பி தெரியும்?"

"பயமில்லாத இடத்திலயும் பிரேக்கில ரெண்டு தரம் கால் வைக்கிற ஆள் நீங்கள் ஒராள்தான்."

என் மனைவி நாற்பது வருடமாகச் சொல்லி வந்ததை அவர் ஒரு தடக்கில் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் போய் அங்கே ஒரு கதிரையில் உட்கார்ந்து, நானும் தூணில் காது வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் தடக்தான்.

அந்த நாட்களில்தான் மேம்பாலத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பழைய தொழிற்சாலைகள் அடுக்குமாடி வீடுகளாகும். பாலம் இருந்த இடத்தில் மரங்கள், சைக்கிள் பாதை, வாய்க்கால் ஓரமாக இருக்கைகள். திட்ட அலுவலகத்தில் மாட்டியிருந்த பெரிய படத்தில் எல்லோரும் மெலிந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் கோப்பி இருந்தது. படம் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். அங்குள்ள தமிழ்க் கடைக்காரர்களோடு பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். கழுத்தில் அட்டை மாட்டியபோது வயது பத்துக் குறைந்தது போலிருந்தது.

செவியரின் முறை வந்தது. மேசைக்கு அப்பால் இளம் அதிகாரி ஒருத்தியும் அவளுடைய மேலாளர்கள் இரண்டு பேரும். நான் கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

"பாலம் போனா உம்மட தொழிலுக்கு என்ன பாதிப்பு?"

"நாலாவது மூட்டு போயிடும், ஐயா."

"அது சரி. வேற?"

"வேறென்ன? அதுதான் என்ர காது. அது போனா நானும் மற்ற ஆக்கள் மாதிரித்தானே. அந்த மூட்டை மட்டும் வெட்டித் தருவினமோ எண்டு கேளுங்கோ."

"என்ன சொல்கிறார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். மூன்று பேரும் பேனாவோடு என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. உண்மை அவ்வளவுதான். காரின் நோயைத் தூணில் கேட்கிறாராம் என்று இவர்களிடம் சொன்னால், சிரிக்கப் போவது அவரை மட்டுமா, என்னையும் சேர்த்தல்லவா என்று நினைத்தேன். "சத்தம் குறையும் என்று சந்தோசப்படுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். 'பாதிப்பு இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். பத்திரத்தை நீட்டினேன். வாசிக்க முடியாத பத்திரங்களில் கையெழுத்திட்டே வருடங்களைக் கழித்தவர், என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பாதிப்பு உண்டு என்று எழுதியவர்களுக்கு அருகிலேயே மாற்று இடம் கிடைத்தது. மலர்க்கடைக்காரி, ரயர் கடைக்காரர், சலூன்காரர் எல்லோருக்கும் கிடைத்தது. செவியருக்கு வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் அலுவலகத்துக்குப் போய் எழுதியது பிழை, என்னுடைய பிழை என்று சொன்னேன். பட்டியல் முடிந்துவிட்டது என்றும், என் கருத்துக்கு நன்றி என்றும் சொன்னார்கள்.

பாலத்தை வெட்டிய அன்று செவியர் வேலிக்கு வெளியே நின்றாராம். சற்று நேரம் கேட்டுவிட்டு, வெட்டும் இயந்திரத்தின் உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது என்று வேலையாளிடம் சொல்லியிருக்கிறார். அவன் கையசைத்துத் துரத்தினான். மத்தியானம் இயந்திரம் நின்றுவிட்டது. இதையும் பிறர் சொல்லித்தான் கேட்டேன். நான் அன்று போகவில்லை. போகத் துணிவில்லை.

ஒரு வருடம் கழித்து, அவர் நகரின் வடக்கே, கிரெய்கிபர்னில், வேறொருவருடைய கராஜில் சம்பளத்துக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். புறப்பட்டேன். வாசலைக் கண்டதும் கால் தானாக அக்சிலரேட்டரை அழுத்த, தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்தேன், மறுபடி தாண்டினேன், மூன்றாம் தரமும் தாண்டினேன். நாலாம் தரம் உள்ளே திருப்பினேன்.

செவியர் ஒரு காரின் கீழே படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"வாங்கோ ஐயா. மூண்டு தரம் வாசலால போனியள். றோட்டு நல்லா இருக்கோ?"

"தம்பி... அண்டைக்கு அந்தப் பத்திரத்தில நான்..."

"தெரியும். விசா லோயரைக் கொண்டு வாசிப்பிச்சனான்."

"எப்பிடித்தான் பொறுத்தனீரோ. அண்டைக்கே தெரிஞ்சிருந்தா ஏசியிருப்பீர்."

அவர் வெளியே உருண்டு வந்து, கையைத் துடைத்தார்.

"அண்டைக்கே தெரியும். எனக்கு அவையின்ர இங்கிலீசு விளங்கேல்லை. ஆனா நீங்கள் சொல்லேக்க உங்கட குரல் ஆடினது, கழண்ட கார்ச் சில்லு ஆடுற மாதிரி."

"பிறகு ஏன் கையெழுத்து வைச்சனீர்?"

"அத்தினை பேருக்கு முன்னால உங்களைக் கழட்டிப் பாக்கச் சொல்லுறியளோ?"

என் காரின் முன்பக்கத்தில் ஏதோ கடகடக்கிறது, பாரும் என்றேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சில்லுக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் தகடு. ஆபத்தில்லை, விடுங்கோ. அதை இறுக்கினா நீங்கள் வாறது எனக்கு எப்பிடித் தெரியும்?"

இறுக்கவில்லை. கார் இன்றும் கடகடக்கிறது. பக்கத்தில் உட்கார மகள் வெட்கப்படுகிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருடைய தெருவுக்குள் திரும்பும்போது, நான் றேடியோவை நிறுத்திவிடுகிறேன்.