வால் சேர்ந்தால் தலை மாறும்

“சார், ‘ஹீ மஸ்ட் நாட் ஃபைண்ட் அவுட்’னா என்ன அர்த்தம்?”

மாலை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, பார்லர்காரி மட்டும் மேசையருகே நின்று கேட்டாள். பகலெல்லாம் முடி வெட்டிவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவள்.

“ஃபைண்ட்னா தேடி எடுக்கறது, அவுட்னா வெளியே. அவர் வெளியே போய்த் தேடக் கூடாதுங்கறாங்களா சார்?”

ஆங்கில வாத்தியாருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்கள் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அரை வருஷமாகப் பாடம் அந்த வாலைவிட்டு நகரவில்லை. மாணவர்கள் அவருக்கு ‘அப்-டவுன் சார்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

“அப்படிப் பிச்சுப் பிச்சுப் பார்க்கக் கூடாதும்மா. கிவ்னா கொடுக்கறது, அப்னா மேலே. ஆனா கிவ் அப்னா கைவிடறது. வால் சேர்ந்தா தலையே மாறிடும். ஃபைண்ட் அவுட்னா விஷயத்தைத் தெரிஞ்சுக்கறது. அதாவது, அவருக்கு விஷயம் தெரியக் கூடாது.”

அவள் முகம் வாடிவிட்டது. “பாவம் சார் அந்த மனுஷன். ஒண்ணும் தெரியாமச் சிரிச்சுக்கிட்டுத் திரியறார்.”

“யாரு?”

“தெரிஞ்சவர்தான். எனக்கே முழுசாப் புரியாம எப்படிச் சொல்றது?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். உள்ளே கத்தரியும் சவரக்கத்தியும் உரசிக்கொண்டன. அந்தச் சத்தம் வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளும் அவள் எல்லாருக்கும் கடைசியாக நின்றாள்.

“சார், ஒருத்தரை ‘கெட் ரிட் ஆஃப்’னா?”

வாத்தியாரின் சாக்பீஸ் உடைந்தது. ‘ஒழித்துக்கட்டுவது’ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். கையில் கத்தி வைத்திருப்பவளுக்கு அர்த்தத்தையும் எடுத்துக் கொடுப்பானேன்?

“கெட்னா வாங்கறது, ஆஃப்னா அணைக்கறது. நடுவுல அந்த ரிட்டுதான் சார் இடிக்குது” என்றாள் அவள்.

“அணைக்கறதேதாம்மா” என்றார் வாத்தியார், கிடைத்த கொம்பைப் பிடித்துக்கொண்டு. “கட்டி அணைக்கறது. ஒருத்தரை அன்பா அரவணைச்சுக்கறது.”

“நிஜமாவா சார்? நான் என்னென்னமோ நினைச்சு பயந்துட்டேன்.”

துள்ளிக்கொண்டு படியிறங்கினாள். ஓர் உயிரைக் காப்பாற்றிய நிம்மதியில் வாத்தியார் சன்னல் வழியே பார்த்தார். கீழே அவள் புருஷன், பீரோ மாதிரி ஆகிருதியும் பச்சைக் குழந்தை முகமுமாக, ஸ்கூட்டரில் காத்திருந்தான். அவள் அவன் தோளைத் தட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: “டுடே ஐ வில் கெட் ரிட் ஆஃப் யூ.”

அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

சன்னல் கம்பியைப் பிடித்தபடி வாத்தியார் வியர்த்து நின்றார். அந்த மனுஷன் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது. ஒண்ணும் தெரியாமல் சிரித்துக்கொண்டு திரிகிறவன் இவனேதான். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இவர் கிளம்பப்போய், அவள் நாளே குறித்துவிட்டாள்.

விடிந்தும் விடியாததுமாகப் பதிவேட்டில் இருந்த முகவரியைத் தேடிப்போனார். நல்லவேளை, அவன் உயிரோடு வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, வீட்டுல கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க.”

“எதுக்கு சார்?”

“உங்க வீட்டம்மா கையில எப்பவும் கத்தியும் கத்தரியும் இருக்கு, பாருங்க.”

“அவ தொழிலே அதுதானே?”

“தொழில்னு நீங்க நினைக்கறீங்க. சாப்பாட்டுலயும் ஒரு கண் இருக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

அவன் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. கல்லை எறிந்த திருப்தியோடு வாத்தியார் திரும்பினார்.

அன்று மாலை பார்லர்காரி கண் சிவந்து வந்தாள்.

“என் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சுன்னே தெரியல சார். நான் போட்ட காபியை முதல்ல என்னையே குடிக்கச் சொல்றார். தூங்கறப்போ என் பையைத் தலைக்கடியில வெச்சுக்கப் போறாராம்.” மூக்கை உறிஞ்சினாள். “அது கிடக்கட்டும். இன்னிக்கு வேற ஒண்ணு. ‘ஃபினிஷ் இட் ஆஃப் பை ஃப்ரைடே’. இதுவும் நல்ல வார்த்தைதானே சார்?”

மறுநாள் வெள்ளிக்கிழமை.

“தலைவலிம்மா” என்று சொல்லிவிட்டு வாத்தியார் விழுந்தடித்து ஓடினார். நின்ற இடம், பயிற்சி மையத்து உரிமையாளரம்மாவின் அறை.

“மேடம், நம்ம மையத்துல ஒரு கொலைகாரி படிக்கிறா.”

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். வாத்தியார் மூச்சு வாங்க ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். “முதல்ல, ‘அவனுக்குத் தெரியக் கூடாது’. அப்புறம், ‘ஒழிச்சுக்கட்டு’. இன்னிக்கு, ‘வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடு’. எல்லாம் அவ வாயாலேயே கேட்டது மேடம்.”

அந்தம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நியாயம்தான், நல்ல குடும்பத்துப் பெண்மணி, என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார்.

“அந்தப் பொண்ணு எங்க வேலை பார்க்குது?”

“பக்கத்துத் தெரு பார்லர்ல மேடம்.”

அந்தம்மா எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். பிறகு, “இதை வேற யார்கிட்டயும் பேச வேண்டாம். நான் பார்த்துக்கறேன். நாளைக்குக் காலையில நீங்க மட்டும் என்னை வந்து பாருங்க” என்றார்.

பாராட்டாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. ஒருவேளை சம்பளத்தைக்கூடக் கூட்டலாம். வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். வாசலில் பார்லர்காரியின் புருஷன் வழிமறித்தான். அவள் சற்றுத் தள்ளி, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்றாள்.

“பயப்படாதீங்க தம்பி” என்று வாத்தியார் அவன் தோளில் கை வைத்தார். “மேல சொல்லிட்டேன். இனிமே உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார்” என்றான் அவன். “உங்க மேடம் இவ பார்லர்ல தலைக்குச் சாயம் போட்டுக்கிட்டே ‘அந்த அப்-டவுன் வாத்தியாரை’ன்னு ஃபோன்ல பேசினதைத்தான் இவ உங்ககிட்ட அர்த்தம் கேட்டா; நீங்க அன்பா அணைச்சுக்கறதுன்னு சொன்னதால, சரி, உங்க வேலைக்கு ஆபத்தில்லன்னு சொல்லாம விட்டுட்டா.”